39.4 வீதம்: வடமராட்சியான் ஐயாவின் குறிப்புக்கு மறுப்பு

நல்லூரடி:
வடமராட்சியான் ஐயா நேற்று இங்கே இட்ட குறிப்பைப் படித்த பின்னர் என்னால் பேசாமல் இருக்க முடியவில்லை. “எச்.ஐ.வி. இன்று பெண்களின் நோயாகிவிட்டது. அதுவும் முப்பத்தைந்து வயதைத் தாண்டிய பெண்களுக்கே அதிகம் தொற்றுகிறது. தென்னாபிரிக்காவில் 35 முதல் 39 வயது வரையான பெண்களில் 39.4 வீதமானோர் தொற்றுடையோர், ஆகவே யாழ்ப்பாணத்திலும் அந்த வயதுப் பெண்களையே முதலில் சோதிக்க வேண்டும்” என்பது அவரது வாதம். இலங்கையில் ஆண்டுதோறும் புதிதாகக் கண்டறியப்படுவோரில் பெரும்பான்மையினர் ஆண்கள். அது தெரியாமலா ஐயா எழுதினார், தெரிந்தும் எழுதினாரா? எங்கள் தாய்மார் மீதும் சகோதரிகள் மீதும் இல்லாத சந்தேகத்தைக் கிளப்புவதை நான் வன்மையாகக் கண்டிக்கிறேன்.

வடமராட்சியான்:
தம்பி, கண்டிப்பதற்கு முன்னர் எண்ணைப் படியுங்கள். 39.4 என்பது எனது கற்பனை அல்ல. 2017இல் தென்னாபிரிக்கா முழுவதும் வீடு வீடாகச் சென்று, இரத்தம் எடுத்துச் சோதித்துப் பெற்ற எண் அது. அதே ஆய்வில் ஆண்களின் உச்சம் 24.8 வீதம் மட்டுமே. அதுவும் 45 முதல் 49 வயதில். 39.4 பெரிதா, 24.8 பெரிதா? வாழ்நாள் முழுவதும் கணிதம் கற்பித்த எனக்கு இதற்கு விடை சொல்ல எவருடைய உதவியும் தேவையில்லை. 2022இல் உலகில் இத்தொற்றுடன் வாழ்ந்த ஏறத்தாழ 3 கோடி 90 இலட்சம் பேரில் 53 வீதமானோர் பெண்களும் சிறுமிகளும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

தென்மராட்சித் தாதி:
ஐயா, எண் சரியானது. அதிலிருந்து நீங்கள் எடுத்த முடிவு தவறானது. 35 முதல் 39 வயது வரையான பெண்களில் 39.4 வீதமானோர் தொற்றுடன் வாழ்கின்றனர் என்றால், அந்த வயதில்தான் அவர்களுக்குத் தொற்றியது என்று பொருளாகாது. அவர்களுள் பலருக்கு அது பதினெட்டிலோ இருபத்திரண்டிலோ தொற்றியது. மருந்து கிடைத்ததால் அவர்கள் உயிருடன் இருக்கிறார்கள். உயிருடன் இருப்பதால் கணக்கில் வருகிறார்கள். கிணற்றில் நிற்கும் நீரை அளந்துவிட்டு, நேற்றுப் பெய்த மழை அவ்வளவு என்று சொல்ல முடியுமா?

அந்நாட்டின் குவாசூலு-நட்டால் மாகாணத்தில் வைரசின் மரபணுவை ஒப்பிட்டு, யாரிடமிருந்து யாருக்குப் பரவியிருக்கலாம் என்று ஆராய்ந்து 2017இல் முடிவுகளை வெளியிட்டார்கள். 25 வயதுக்குக் குறைந்த பெண்களுக்குத் தொற்றைக் கொடுத்திருக்கக்கூடிய ஆண்கள் சராசரியாக அவர்களைவிட 8.7 வயது மூத்தவர்கள். வறுமையிலுள்ள இளம்பெண், வசதியும் வயதும் கூடிய ஆணைச் சார்ந்து வாழ வேண்டிய நிலை, அந்த வயதுப் பெண்ணின் உடல் தொற்றுக்கு எளிதில் ஆளாகும் தன்மை ஆகிய எல்லாம் சேர்ந்தே வயதுவாரியாகத் தொற்றைக் காட்டும் வரைபடத்தில் பெண்களின் கோடு ஆண்களுடையதைவிடக் குறைந்த வயதிலேயே ஏறுகிறது. இந்தப் பின்னணியை விட்டுவிட்டு உச்சியிலுள்ள ஓர் எண்ணை மட்டும் கிள்ளி எடுத்து வந்து யாழ்ப்பாணத்தில் நடுவது பெண்களுக்குச் செய்யும் அநீதி.

ஒரே நாட்டுக்குள்ளும் இந்த எண் ஓரிடத்தில் நிற்பதில்லை. கென்யாவில் 2018இல் எடுத்த ஆய்வில் நாடளாவிய ரீதியில் பெண்களில் 6.6 வீதம், ஆண்களில் 3.1 வீதம். ஆனால் விக்டோரியா ஏரிக்கரையிலுள்ள ஹோமா பே மாவட்டத்தில் பெரியவர்களில் 19.6 வீதம், வடகிழக்கிலுள்ள வறண்ட மாவட்டங்களில் ஒரு வீதம்கூட இல்லை. ஏரிக்கரை மக்களிடையே ஆண்களுக்கு விருத்தசேதனம், அதாவது ஆணுறுப்பின் முன்தோலை நீக்குதல், செய்யும் மரபு இல்லாதிருந்தது ஒரு காரணம். விருத்தசேதனம் ஆண்களுக்குத் தொற்றும் வாய்ப்பை ஏறத்தாழ 60 வீதம் குறைக்கிறது என்று மூன்று ஆபிரிக்க நாடுகளில் நடந்து, 2005க்கும் 2007க்கும் இடையில் முடிவுகள் வெளியான சோதனைகள் காட்டின. உகண்டாவின் ராக்காய் பகுதியில் விவசாயக் கிராமங்களில் 14 வீதமளவிலும் சந்தைக் கிராமங்களில் 17 வீதமளவிலும் இருந்தது, ஏரிக்கரை மீனவக் குடியிருப்புகளில் 42 வீதமளவில் இருந்தது. சில மணிநேரப் பயணத்தூரத்தில் இவ்வளவு வேறுபாடு இருக்கையில், ஒரு சமுத்திரத்தைத் தாண்டி எண்ணைக் கொண்டுவருவதற்கு ஐயாவுக்கு எப்படி மனம் வந்தது?

கரையோரம்:
தாதி அக்கா, மீனவர் என்ற சொல்லை இங்கே இழுக்க வேண்டிய தேவை என்ன? 2020இல் பேலியகொடை மீன்சந்தையில் கொரோனாக் கொத்தணி உருவானபோது, எங்கோ தெற்கில் நடந்ததற்காகக் குடாநாட்டில் எங்கள் மீனை வாங்க ஆளில்லாமல் போனது. அப்போதும் இதே தளத்தில் இருந்தவர்கள்தான் “மீன்காரரிடம் விலகியிருங்கள்” என்று எழுதினார்கள். எழுதியவர்களின் பெயர் எனக்கு நினைவிருக்கிறது. இரவில் கடலுக்குப் போய் விடியற்காலையில் சொந்த வீட்டுக்குத் திரும்பும் குருநகர்த் தொழிலாளியையும், மாதக்கணக்கில் குடும்பத்தைப் பிரிந்து ஏரிக்கரைக் கொட்டில்களில் தங்கும் ஆபிரிக்கத் தொழிலாளியையும் எப்படி ஒன்றாகப் பேசலாம்?

தென்மராட்சித் தாதி:
ஒன்றாகப் பேசக்கூடாது என்பதைத்தான் நானும் சொன்னேன். அந்தக் கரையில் இடம்பெயர்ந்து திரியும் தொழிலும், கையில் அன்றாடம் புழங்கும் காசும், மீனைப் பெறுவதற்காகப் பெண் வியாபாரிகள் உறவுக்கு இணங்க வேண்டியிருந்த கொடுமையும் அந்த 42 வீதத்துக்குப் பின்னால் இருக்கின்றன. மீன்பிடித் தொழிலை நான் குற்றம் சொல்லவில்லை.

கரையோரம்:
சொல்லவில்லை என்கிறீர்கள், ஆனால் எழுதிவிட்டீர்கள். நாளை இதைப் படிப்பவனுக்கு 42 என்ற எண்ணும் மீனவர் என்ற சொல்லும்தான் நினைவில் நிற்கும்.

வடமராட்சியான்:
இருவரும் சண்டையை முடித்துவிட்டு 39.4க்கு வாருங்கள். தாதி எவ்வளவு நீளமாக எழுதினாலும், 35 முதல் 39 வயதுப் பெண்களில் 39.4 வீதம் என்பதை அவரால் மறுக்க முடியவில்லை.

நல்லூரடி:
ஐயா மறுபடியும் தென்னாபிரிக்காவுக்கே போகிறார். இலங்கையைப் பற்றிப் பேசுவோம். தாயிலிருந்து குழந்தைக்கு எச்.ஐ.வி. பரவுவதை இலங்கை ஒழித்துவிட்டது என்று உலக சுகாதார நிறுவனம் 2019இல் சான்றளித்தது. எங்கள் பெண்களிடம் இந்த நோய் இல்லை என்பதற்கு இதற்கு மேலும் சான்று வேண்டுமா?

தென்மராட்சித் தாதி:
நல்லூரடி, உங்களுடைய வாதமும் பிழையானது. தொற்றுள்ள தாயைக் காலத்தோடு கண்டறிந்து, மருந்து கொடுத்து, குழந்தையைக் காப்பாற்றுகிறோம் என்பதற்கான சான்று அது. பெண்களிடம் தொற்றே இல்லை என்று எவரும் சான்றளிக்கவில்லை. ஆனால் அதற்குள் ஐயா கவனிக்க வேண்டிய ஒன்று இருக்கிறது. இங்கே கர்ப்பிணித் தாய்மார் கிளினிக்குகளில் ஒழுங்காகச் சோதிக்கப்படுகிறார்கள். ஆண்களை அப்படி எவரும் வரிசையில் நிறுத்திச் சோதிப்பதில்லை. அவ்வாறிருந்தும் கண்டறியப்படுவோரில் ஆண்களே அதிகம். பெண்களைத் தேடாததால் ஆண்கள் அதிகமாகத் தெரிகிறார்கள் என்று வாதிட இடமில்லை. பெரியவர்களில் ஆயிரத்துக்கு ஒருவருக்கும் குறைவாகவே தொற்றுள்ள இந்த நாட்டில், ஆண்களோடு உறவு கொள்ளும் ஆண்கள் கணிசமான பங்கினர். தண்டனைச் சட்டக்கோவையின் 365அ பிரிவு அவர்களது உறவைக் குற்றமாக்கி வைத்திருக்கிறது. பயந்து ஒளிந்திருப்பவன் போதனா வைத்தியசாலைக்கு வந்து கையை நீட்டுவானா? நாம் தேட வேண்டியவர்கள் அங்கே இருக்க, ஐயா முப்பத்தைந்து வயதுக் குடும்பப் பெண்ணின் பக்கம் விரல் நீட்டுகிறார்.

நல்லூரடி:
அக்கா, இவ்விடயத்தை இங்கே பேசத் தேவையில்லை. பிள்ளைகளும் படிக்கும் தளம் இது. கொழும்பில் நடப்பதை யாழ்ப்பாணத்தின் மீது சுமத்தாதீர்கள்.

தென்மராட்சித் தாதி:
பிள்ளைகள் படிக்கிறார்கள் என்பதற்காகவே பேச வேண்டும். யாழ்ப்பாணத்தில் அப்படி எவரும் இல்லை என்று நீங்கள் சொல்லும் ஒவ்வொரு முறையும் ஓர் இளைஞன் சோதனைக்கு வருவதை இன்னுமோர் ஆண்டு தள்ளிப்போடுகிறான். பிந்தி வருபவனை நினைத்துத்தான் இவ்வளவு கோபத்தோடு எழுதுகிறேன்.

மானிப்பாய் மைந்தன்:
எல்லோரும் எண்ணை வேதவாக்காகப் பிடித்துக்கொண்டிருக்கிறீர்கள். இந்தியாவில் தொற்றுடையோர் ஏறத்தாழ 57 இலட்சம் என்று 2006இல் சொன்னார்கள். 2007இல் அது ஏறத்தாழ 25 இலட்சம் ஆனது. கர்ப்பிணிகளையும் சிகிச்சை நிலையங்களுக்கு வந்தவர்களையும் வைத்துக் கணக்கிட்டதை, வீட்டு ஆய்வொன்று வந்து பாதிக்கும் கீழே இறக்கிவிட்டது. 39.4 மட்டும் எப்படி நிலைக்கும்?

வடமராட்சியான்:
மைந்தன், உங்கள் வாயாலேயே என் பக்கத்தைப் பலப்படுத்திவிட்டீர்கள். கிளினிக் கணக்கைத் திருத்தியது வீட்டு ஆய்வு. எனது 39.4 வீட்டு ஆய்விலிருந்து வந்தது. கண்டறியப்பட்டவர்களை மட்டும் எண்ணி “இங்கே ஆண்களே அதிகம்” என்று சொல்லும் நல்லூரடியின் கணக்குத்தான் ஆட்டம் காண்கிறது.

இப்போது தாதிக்கு ஒரு கேள்வி. 2012இல் இதே வகையான ஆய்வு நடந்தது. அப்போது பெண்களின் உச்சம் 30 முதல் 34 வயதில், 36.0 வீதம். ஐந்து ஆண்டுகள் கழித்து அதே தலைமுறை 35 முதல் 39 வயதுக்கு வந்தபோது 39.4 வீதம். உங்கள் கூற்றுப்படி பழைய தொற்றுகளே தேங்கி நிற்கின்றன என்றால், அந்த 3.4 எங்கிருந்து வந்தது? முப்பதைத் தாண்டிய பெண்களுக்குப் புதிதாகத் தொற்றியது என்பதைத் தவிர வேறு விடை உண்டா?

தென்மராட்சித் தாதி:
உச்சம் ஐந்து ஆண்டுகளில் ஒரு வயதுக்குழு தள்ளிப் போனதே, மருந்தினால் ஒரு தலைமுறை உயிர் பிழைத்து மூப்படைகிறது என்பதற்கு அடையாளம். இரு ஆய்வுகளிலும் மாதிரிக்குத் தெரிவான பெண்கள் வேறு வேறானவர்கள். இத்தகைய ஆய்வில் 36க்கும் 39க்கும் இடையிலான வேறுபாடு எல்லோரையும் சோதிக்காமல் ஒரு பகுதியினரை மட்டும் சோதிப்பதால் வரும் மாதிரிப் பிழைக்குள்ளேயே அடங்கலாம். முப்பதுக்குப் பின்னர் எவருக்கும் தொற்றாது என்று நான் எங்கும் எழுதவில்லை. அந்த 3.4 முழுவதும் புதிய தொற்று என்றே வைத்துக்கொண்டாலும், 15 முதல் 49 வயது வரையானவர்களில் 20.6 வீதமானோர் தொற்றுடன் வாழும் நாட்டில் அது நடந்தது. யாழ்ப்பாணத்துப் பெண்ணுக்கு அதில் என்ன பங்கு?

கரையோரம்:
மீனவரைப் பற்றிய வரியை இன்னும் நீக்கவில்லை.

வடமராட்சியான்:
“அடங்கலாம்”, “வைத்துக்கொண்டாலும்” என்று தாதி தடுமாறுவதை எல்லோரும் பார்க்கிறார்கள். சென்ற மாதம் டெங்கு விவாதத்திலும் இப்படித்தான் விலகிப் போனார். 36.0 எப்படி 39.4 ஆனது என்பதற்கு நேரான பதில் வரும்வரை எனது குறிப்பில் ஓர் எழுத்தையும் மாற்றமாட்டேன்.