16 வயது மகனுக்கு டிவிஎஸ் 50 ஓட்ட எல்எல்ஆர் கிடைக்குமா? அவசரம்

தேனி_அம்மா: வணக்கம். மகனுக்குப் 16 முடிந்துவிட்டது. அவன் தாத்தாவின் டிவிஎஸ் 50 வீட்டில் சும்மா நிற்கிறது, டியூஷனுக்கு ஆகுமே என்று எல்எல்ஆர் (பழகுநர் லைசென்ஸ்) போடப் போனோம். டிரைவிங் ஸ்கூலில் இந்த வண்டியை ஓட்டக் கூடாது என்கிறார்கள். 16 வயதில் கியர் இல்லாத வண்டி ஓட்டலாம்தானே?

கார்த்தி_கே: அதிகப் பணம் பார்க்கத்தான் அப்படிச் சொல்வார்கள். வேறு ஸ்கூலில் கேளுங்கள்.

பழனி_மெக்கானிக்: அக்கா, எந்த மாடல்? ஆர்சியில், அதாவது வண்டிப் பதிவுச் சான்றில், இன்ஜின் அளவு எத்தனை சிசி என்று போட்டிருக்கிறது?

விதிமுறை_வேலு: இதை இங்கே எத்தனை முறை எழுதுவது? கேட்பதற்கு முன் கொஞ்சம் படிக்கலாம். மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 4: 18 வயது ஆகாதவர் பொது இடத்தில் வண்டி ஓட்டக் கூடாது. 50 சிசிக்கு மேற்படாத வண்டிக்கு மட்டும் 16. கியர் இல்லை என்பது மட்டும் போதாது.

தேனி_அம்மா: பெயரே டிவிஎஸ் 50 தானே சார்?

பழனி_மெக்கானிக்: அங்கேதான் குழப்பம். 1980-இல் வந்த முதல் வண்டிதான் 50 சிசி. அந்தப் பெயரையே நம் ஊரில் பின்னால் வந்த எக்ஸ்எல் எல்லாவற்றுக்கும் வைத்துவிட்டோம். எக்ஸ்எல் சூப்பர் 69.9 சிசி, எக்ஸ்எல் 100 வண்டி 99.7 சிசி. ஆர்சியைப் பாருங்கள்.

கார்த்தி_கே: ஆக்சிலேட்டர் கேபிளில் தடை வைத்து 40-க்கு மேல் போகாமல் செய்துவிட்டால்?

விதிமுறை_வேலு: வேகம் குறைந்தால் சிசி குறையுமா? சட்டம் இன்ஜினைத்தான் பார்க்கிறது.

லண்டன்_சிவா: இங்கே இரண்டையும் பார்க்கிறார்கள். 16 வயதுக்கு 50 சிசி மொபெட், அதுவும் மணிக்கு 45 கிலோமீட்டருக்குள். சிபிடி என்ற பயிற்சி முடித்து, எல் போர்டு மாட்ட வேண்டும்.

கார்த்தி_கே: அப்படியென்றால் பேட்டரி ஸ்கூட்டர் வாங்குங்கள், லைசென்ஸே வேண்டாம்.

விதிமுறை_வேலு: எல்லா பேட்டரி வண்டிக்கும் இல்லை! மோட்டார் 250 வாட்டுக்குள், வேகம் 25 கிலோமீட்டருக்குள், பேட்டரி நீங்கலாக எடை 60 கிலோவுக்குள் இருந்தால்தான்.

பழனி_மெக்கானிக்: அதையும் சில கடைகளில் ஒரு வயரைக் கழற்றி 45 ஓட வைத்துத் தருகிறார்கள். அப்புறம் அது மோட்டார் வாகனம்தான்.

கார்த்தி_கே: 25-இல் பைபாஸில் போனால் பின்னால் வரும் லாரி ஏற்றிவிடும். அந்த வேகம்தான் ஆபத்து.

பழனி_மெக்கானிக்: தம்பி, 16 வயதுப் பையனுக்கு பைபாஸில் என்ன வேலை? ஹெல்மெட் இல்லாமல் 60-இல் விழுந்த பிள்ளைகளின் வண்டி என் பட்டறைக்குத்தான் வருகிறது. பார்க்க முடியாது.

விதிமுறை_வேலு: பெற்றோருக்கு ஒன்று. 2019 திருத்தத்தில் வந்த 199ஏ பிரிவின்படி, சிறுவர் வண்டி ஓட்டிக் குற்றம் நடந்தால் பெற்றோருக்கோ வண்டி உரிமையாளருக்கோ 25,000 ரூபாய் அபராதமும் 3 ஆண்டு வரை சிறையும். வண்டிப் பதிவு 12 மாதம் ரத்து. பையனுக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடைக்காது.

கார்த்தி_கே: அண்ணா, 25 வயதா? இது எனக்குத் தெரியாது. கேபிள் யோசனையை விட்டுவிடுங்கள் அக்கா.

தேனி_அம்மா: ஆர்சி பார்த்தேன், 99.7. சாவியை அவன் அப்பாவிடம் கொடுத்துவிட்டேன். சைக்கிளுக்கு டயர் மாற்றப் போகிறோம். நன்றி.