எண்ணெய்ப் புகையில் ஆரம்பித்த பேச்சு

சித்தி, இரவு 7:42
எண்ணெய் சட்டிய அடுப்புல வச்சுட்டு போன் பேசப் போயிட்டேன். திரும்பி வந்தா வீடு முழுக்க நீலப் புகை. அடுப்ப அணைச்சு அரை மணி ஆச்சு, இன்னும் கண்ணுல தண்ணி கொட்டுது. தொண்டை கீறின மாதிரி இருக்கு.

பாலு அண்ணா, 7:44
பாட்டிய முதல்ல வெளிய உட்கார வைங்க சித்தி, அவங்களுக்கு ஏற்கெனவே மூச்சுத் தொந்தரவு. ஜன்னல் திறந்தாச்சா?

சித்தி, 7:45
எல்லாம் திறந்தாச்சு. பாட்டி வாசல்லதான் இருக்காங்க, இருமல் நின்னுடுச்சு. வெறும் எண்ணெய் கருகினதுக்கா இவ்வளவு எரிச்சல்?

சரண்யா, 7:51
வெறும் எண்ணெய் இல்ல சித்தி. அளவு மீறிச் சூடானா எண்ணெயில இருக்கற கிளிசரால் தண்ணிய இழந்து அக்ரோலின்னு ஒண்ணா மாறும். ஆல்டிஹைடுங்கற வேதிப்பொருள் வகை. 53 டிகிரியிலயே கொதிக்கும், அதனால உடனே காத்துல கலந்துடும். முதல் உலகப் போர்ல கண்ண எரிக்கவே இத ஆயுதமா வீசியிருக்காங்க.

மாமா, 7:54
எரியும், அப்புறம் சரியாயிடும். இதுக்கு ஏம்மா பயமுறுத்தற?

சரண்யா, 8:03
பயமுறுத்தல மாமா. அந்த எரிச்சல் எப்படி வருதுன்னு சொல்றேன், கேளுங்க.

நம்ம புரதங்கள்ல சிஸ்டீன்னு ஒரு அமினோ அமிலம் உண்டு, அதுல கந்தகம் இருக்கும். அக்ரோலினோட ஒரு முனைக்கு எலக்ட்ரான் பசி. கந்தகத்தக் கண்டா போய் ஒட்டிக்கும், லேசுல விடாது. கண்ணுல வலிய உணர்ற நரம்பு நுனியில ஒரு புரதம் வாசல் மாதிரி இருக்கு. அதோட சிஸ்டீன்ல இது ஒட்டினதும் வாசல் திறந்துக்குது, எரியுது, கண்ணீர் வருது. நுரையீரல் செல்லுக்குள்ள நடக்கறதும் இதே ஒட்டல்தான். அங்க பெரும்பாலும் நமக்குத் தெரியறதில்ல, அவ்வளவுதான்.

பாலு அண்ணா, 8:05
ஒட்டினா என்ன ஆகும்?

சரண்யா, 8:12
நிறைய நொதிகளுக்கு வேலை செய்யற இடமே அந்த சிஸ்டீன்தான். அது அடைபட்டா நொதி நின்னுடும். ஒட்டின பிறகும் அக்ரோலினோட இன்னொரு முனை சும்மா இருக்காது, பக்கத்துப் புரதத்துல இருக்கற லைசின்ங்கற இன்னொரு அமினோ அமிலத்தப் பிடிச்சு ரெண்டையும் ஒண்ணா முடிச்சுப் போட்டுடும். டிஎன்ஏ-லயும், அதோட நாலு எழுத்துல ஒண்ணான குவானின்ல போய் ஒட்டும். புற்றுநோய் ஆய்வுக்கான சர்வதேச முகமை இத 1995-ல "வகைப்படுத்த முடியாது"ன்னு வச்சிருந்துச்சு. 2020-ல கூடி, "புற்றுநோய் உண்டாக்க வாய்ப்பு அதிகம்"ங்கற 2ஏ பிரிவுக்கு மாத்திட்டாங்க.

அத்தை, 8:15
சரண்யா, இந்தப் பேர நான் கேட்டிருக்கேன். கீமோ எடுத்தப்போ, மருந்து உடம்புல உடையறப்ப இது வரும், மூத்திரப்பையப் புண்ணாக்கும்னு சொல்லி கூடவே வேற ஒரு மருந்தும் ஏத்தினாங்க. தண்ணி குடி, குடின்னு நர்ஸ் விடவே இல்ல.

சரண்யா, 8:19
அதேதான் அத்தை! உங்களுக்குக் கொடுத்தது சைக்ளோபாஸ்பமைடா இருக்கும். கூட ஏத்தினது மெஸ்னா. அதுலயும் கந்தகம் இருக்கு. அக்ரோலின் பையோட சுவர்ல ஒட்டறதுக்கு முன்னாடி மெஸ்னா தன்மேல ஒட்ட வச்சுக்கும். நீங்க பட்ட கஷ்டத்துக்கு நடுவுல இத ஞாபகம் வச்சிருக்கீங்களே.

நம்ம செல்லுக்குள்ளயும் இப்படி ஒரு காவல் உண்டு, குளுட்டதயோன். அதோட கந்தகம் அக்ரோலினப் பிடிச்சுக்கும், கடைசியில சிறுநீர்ல வெளியேறும். ஆனா புகை திரும்பத் திரும்ப வந்தா கையிருப்பு தீர்ந்து போகும். அப்புறம் அடி வாங்கறது புரதங்கள்தான். மூச்சுக்குழாய்ல சளிய மேல தள்ளற நுண்ணிய மயிர்களும் சோர்ந்து போகும்.

மாமா, 8:31
சிகரெட்லயும் இது இருக்கா?

சரண்யா, 8:33
இருக்கு மாமா. ஒரு சிகரெட் புகையில பத்துக்கணக்கான மைக்ரோகிராம், சிலதுல நூறையும் தாண்டும். சித்திக்கு இன்னிக்கு ஒரு நாள். உங்களுக்கு ஒவ்வொரு இழுப்புலயும்.

மாமா, 8:46
சிறுநீர்ல வெளிய போகுதுன்னியே, அத அளக்க முடியுமா? நிறுத்தினா குறையுமா?

சரண்யா, 8:48
முடியும் மாமா. புகைக்கறவங்ககிட்ட அந்தக் கழிவு அதிகமா இருக்கும், நிறுத்தின சில நாள்லயே நல்லா இறங்கிடும். அளந்து பார்த்திருக்காங்க.

மாமா, 8:57
நாளைக்குக் காலைல கூப்பிடறேன்மா. தனியாப் பேசணும்.

சரண்யா, 8:57
எத்தனை மணினாலும் கூப்பிடுங்க மாமா.

சித்தி, 9:02
பாட்டி உள்ள வந்துட்டாங்க. புகை வாடை போயிடுச்சு.