பிக்கப் பின் ஷாக் அப்சர் ஒடஞ்சிருச்சு, 3 நாளைக்கு வேற வண்டியோடத மாட்டலாமா?

அண்ணே வணக்கம், கொல்லிமலையில இருந்து நாமக்கல்லுக்கு அன்னாசி லோடு அடிக்கிறேன், மொத்தம் 70 கொண்டை ஊசி வளைவு, நேத்து எறங்குறப்ப இடது பக்கம் பின்னாடி டங்கு டங்குனு சத்தம், படுத்து பாத்தா ஷாக் அப்சரோட கீழ் கண்ணு, அதான் போல்ட் மாட்டுற வளையம், உள்ள இருக்குற ரப்பர் புஷ்ஷோட பிஞ்சு தொங்குது, ராடெல்லாம் ஆயில் வழிஞ்சு மண்ணு அப்பிக் கெடக்கு.

புதுசு ஆர்டர் போட்டாச்சு, வர 3 நாள் ஆகுமாம். பழம் அதுவரை காத்துக்கிட்டு இருக்காதே.

மெக்கானிக் அண்ணன் வெயிட்ட தாங்குறது பட்டைதான் (லீஃப் ஸ்பிரிங்), ஷாக்கு ஆட்டத்த அடக்குறதுக்கு மட்டும்தான், கழட்டி வச்சுட்டு ஓட்டுங்கறாரு. அவரு சொல்றது சரிதான், ஆனா வளைவுல பிரேக் புடிக்கிறப்ப குழி வந்தா வீல் துள்ளி ரோட்ட விட்டுருதே, அதான் பயமா இருக்கு.

பழைய இரும்பு கடையில வேற வண்டி ஷாக்கு ஒண்ணு கெடக்கு. ரெண்டு பக்கமும் கண்ணு டைப்தான், போல்ட்டும் சேருது. ஆனா முழுசா இழுத்தா நம்மளத விட ரெண்டு இன்ச் கம்மி. லோடு எறக்கினதும் பாடி தூக்குமே, அப்ப அது இழுபட்டு பிராக்கெட்ட பேத்துருமா? இல்ல பாதி லோடோட மெதுவா ஓட்டுனா தாங்குமா? இன்னொன்னு, வலது பக்கம் பழசே இருக்கட்டுமா, இல்ல ஜோடியாத்தான் மாத்தணுமா?

இப்படி மாட்டி ஓட்டுனவங்க யாராச்சும் சொல்லுங்கண்ணே, காலையில 4 மணிக்கு லோடு ஏத்தணும்.