ஒற்றை கிட்டாரில் கேட்டவரை முழு பேண்டோடு கேட்டபோது

நீலாங்கரைக்காரன்:
எலியட்ஸ் பீச்சில், ஷ்மிட் நினைவிடத்துக்குப் பக்கம் மணலில் உட்கார்ந்து கிட்டாரோடு பாடிக்கொண்டிருந்த தம்பி. சொந்தப் பாட்டு, நாட்டுப்புற மெட்டு. போன மாதம் ஆழ்வார்பேட்டை ஹாலில் டிரம்ஸ், பேஸ், கீபோர்டு என்று ஐந்து பேராக மேடை ஏறினார். அம்மா பாட்டில் இரண்டாவது சரணம் முடியும்போது கம்பிகளை உள்ளங்கையால் அமுக்கிவிட்டு, கடைசி வரியை வெறும் குரலில் பாடுவார். மூச்சு வாங்குவதுகூடக் கேட்கும். அதற்காகவே காத்திருந்தேன். சரியாக அங்கே டிரம்ஸின் சிம்பல் தட்டு அடித்தது. வரி காதில் விழவே இல்லை. வெளியே வந்ததும், "எப்படிண்ணா இருந்துச்சு?" என்றார். "சவுண்டு சூப்பர்ப்பா" என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று இன்னும் உறுத்துகிறது.

பெரம்பூர் வாசகி:
பேண்டு வந்தால் பாட்டு போய்விடும் என்பதை ஏற்க முடியவில்லை. 1965 நியூபோர்ட் நாட்டுப்புற இசை விழாவில் ஒற்றை அகஸ்டிக் கிட்டாருக்குப் பேர்போன அமெரிக்கப் பாடகர் பாப் டிலன் எலக்ட்ரிக் கிட்டாரோடு ஏறியபோதும் கூச்சல் போட்டார்கள். அடுத்த வருடம் மான்செஸ்டரில் ஒருவர் "யூதாஸ்", அதாவது துரோகி, என்றே கத்தினார். டிலன் நிறுத்தவில்லையே. 2018 ஜனவரியில் கீழ்ப்பாக்கத்தில் கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் என்ற இசைக்குழுவின் முதல் கச்சேரிக்குப் போயிருந்தேன். கானாவும் பறையும் எலக்ட்ரிக் கிட்டாரும் ஒரே மேடையில். பறை ஏறியதும் பக்கத்தில் நின்ற அம்மா ஒருவர் இடுப்புக் குழந்தையை என்னிடம் கொடுத்துவிட்டு ஆடப் போனார். குழந்தையின் முதுகில் பேஸ் அதிர்வது என் உள்ளங்கைக்குத் தெரிந்தது. ஒற்றை கிட்டாரில் அது வராது.

மிக்சர் பக்கம்:
நான் சவுண்டு பார்க்கிறவன். ஒருமுறை இதே மாதிரி ஒரு பாடகரின் குரலை டிரம்ஸில் மூழ்கடித்திருக்கிறேன், அவர் முகம் மறக்கவில்லை. அந்தத் தம்பியிடம் சொல்லுங்கள்: சின்ன ஹாலில் டிரம்மர் குச்சியை வைத்துவிட்டு மெதுவாக ஒலிக்கும் பிரஷ் எடுக்கட்டும். அகஸ்டிக் கிட்டாரில் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள அடி ஒலியை வெட்டிவிட்டால் பேஸுக்கு இடம் கிடைக்கும். சத்தம் ஏறினால் கிட்டார் வயிறு அதிர்ந்து ஊளையிடும், துளைக்கு ரப்பர் மூடி போடலாம். தமிழில் சொல் புரிவது மெய்யெழுத்தில். அது தெளிவாகக் கேட்கும் 2 முதல் 4 கிலோஹெர்ட்ஸ் வரையான ஒலியைக் குரலுக்கு விட்டு, கீபோர்டை அங்கே குறைக்கணும். அப்புறம், பாடுகிறவரைப் பார்த்து வைக்கும் மானிட்டர் ஸ்பீக்கரில் தன் குரல் கேட்காவிட்டால் யாரும் கத்தத்தான் செய்வார்கள்.

நீலாங்கரைக்காரன்:
பெரம்பூர் அக்கா, பேண்டு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அந்த ஒரு வரியைத்தான் கேட்கிறேன். நேற்று போன் போட்டு உண்மையைச் சொல்லிவிட்டேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. "காதுல தாளத்துக்கான கிளிக் சத்தம் ஓடிட்டே இருக்குண்ணா, அங்க நிக்க முடியல" என்றார்.