தப்புன்னு தெரியுது, மாட்டிவிடவும் மனசு வரல... உங்களுக்கு நடந்தத சொல்லுங்க

வடகடல் பையன்:

மக்களே, ராம்நாடு கடற்கரை ஆளுக இங்க நெறைய பேர் இருக்கீங்க, அதான் இங்கயே கேக்குறேன். கண்ணு முன்னாடி ஒருத்தன் சட்டத்த மீறுறான், ஆனா அவன் ஊர்க்காரன், இல்லன்னா சொந்தக்காரன். நீங்க என்ன செஞ்சீங்க? புத்திமதி வேணாம், நடந்தத எழுதுங்க. நானே ஆரம்பிக்கிறேன்.

எங்கப்பா நாட்டுப்படகு, நண்டு வலை. வெளியூர் ஆளுகளுக்கு சொல்லிர்றேன், எங்க வடகடல்ல, அதான் பாக் விரிகுடாவுல, திங்கள், புதன், சனி விசைப்படகுக்கு, மத்த நாலு நாளு நாட்டுப்படகுக்கு. அதுபோக 1983ல வந்த மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டப்படி விசைப்படகு கரையிலேர்ந்து 3 கடல் மைல் தாண்டித்தான் மடி வலைய இழுக்கணும், அதாவது அஞ்சரை கிலோமீட்டர். பேப்பர்ல எல்லாம் சரியாத்தான் இருக்கு. நண்டு வலைய சாயங்காலம் விட்டுட்டு விடியக்காலம் போய் எடுக்கிறது வழக்கம். போன வருஷம் ஒரு வியாழக்கிழமை அப்பா போய்ப் பாத்தா வலையே இல்ல, மிதப்பு நாலஞ்சு தான் தனியா ஆடிக்கிட்டு கெடக்கு, அதுல தொங்குன துண்டு வலையில ஒரு நண்டோட கொடுக்கு மட்டும் மாட்டியிருந்துச்சு, உடம்பக் காணோம். புதன்கிழமை போன விசைப்படகு ஒண்ணு திரும்பி வரும்போது மடியத் தூக்காம அப்படியே உள்ள இழுத்துட்டு வந்திருக்கு. பக்கத்து வத்தைப் படகுக்காரர் நம்பரப் பாத்துட்டாரு.

பாத்தா அது எங்க சித்தப்பா போட்டு. அக்கா கல்யாணத்துக்கு வட்டி இல்லாம காசு குடுத்தவரு. அப்பா சொல்லிட்டாக, ஊர்க்கூட்டத்துல பேசிக்கலாம், மீன்வளத்துறை ஆபீசு கீபீசுன்னு போகாதன்னு. ஊர்க்கூட்டத்துல வலை விலையில பாதி தர்றதா முடிவாச்சு, அந்த பாதியும் வரல. அதுக்கு மேல நான்தான் எழுதிக் குடுத்தேன். ஆபீசுல இருந்தவரு பேப்பர வாங்காம "சொந்தக்காரவுகதான தம்பி, பேசி முடிங்க"ன்னாரு, பேசியாச்சு சார், மனு வாங்குனதுக்கு ரசீது மட்டும் குடுங்கன்னு அங்கயே நின்னேன். ரசீது குடுத்தாக, நடவடிக்கையும் எடுத்தாக, அதுதான் பிரச்சனையே. அந்தப் போட்டுக்கு கடலுக்குப் போகக் குடுக்குற டோக்கன நிறுத்திட்டாக. சித்தப்பாவுக்கு இன்னும் ரெண்டு போட்டு இருக்கு, அவருக்கு ஒண்ணும் ஆகல. அந்த ஒத்த போட்டுல பங்குக்குப் போற பசங்க எங்க தெருவுப் பசங்க, அவங்களுக்குத்தான் தொழில் போச்சு. அதுல ஒருத்தனோட அம்மா எங்க வீட்டு வாசல்ல நின்னு, சண்டை எல்லாம் போடல, "உங்க வலைக்கு நியாயம் கெடச்சிருச்சுப்பா, இந்த வாரம் குழுக் காசு கட்டச் சொல்லி வருவாக, அதுக்கு நான் யார்கிட்ட மனு குடுக்க"ன்னு கேட்டாக. எங்கப்பா உள்ள போயிட்டாக. நான் என்னத்த சொல்ல?

துபாய் ராம்நாட்டான்:

இதுல என்ன குழப்பம் ப்ரோ, சட்டம்னா எல்லாருக்கும் சட்டம்தான். இங்கெல்லாம் ரூல மீறினா அன்னைக்கே ஃபைன், ஒருத்தனும் வாயத் திறக்க மாட்டான். நம்மாளுகளுக்கு பாவ புண்ணியம் பாத்தே பழகிப் போச்சு.

பாசிக்காரி மகள்:

துபாய் அண்ணே, எல்லாருக்கும் சட்டம்னு சொல்றது சுலபம், எங்க அம்மா கதையக் கேட்டுட்டு சொல்லுங்க.

எங்க அம்மா, அம்மாச்சி எல்லாம் தென்கடல்ல, அதான் மன்னார் வளைகுடாவுல, தீவுப் பக்கம் போயி கடல்பாசி எடுக்கிறவுக. விரல்ல துணியக் கிழிச்சு சுத்திக்கிட்டு, கண்ணாடி மாட்டிக்கிட்டு, இடுப்புல பைய கட்டிக்கிட்டு முங்குவாக. பாறையில கை பட்டா துணியோட சேர்த்துக் கிழிக்கும், சாயங்காலம் வந்து தேங்காண்ணெய் தடவிக்கிட்டு ஒக்காந்திருப்பாக, சோறு பிசையக்கூட முடியாது, நாந்தான் ஊட்டி விடுவேன். 1986ல அந்த 21 தீவும் தேசியப் பூங்கா ஆயிருச்சு. அம்மாச்சி காலத்துலேர்ந்து போன எடம் ஒரே நாள்ல அத்துமீறல் ஆயிப்போச்சு, யாரும் வந்து எங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டதா அம்மாவுக்கு ஞாபகம் இல்ல.

நான் ஒன்பதாவது படிக்கும்போது ஒரு நாள் அம்மா வெறுங்கையோட வந்தாக. பாசி மூட்டை, கண்ணாடி எல்லாத்தையும் புடுங்கிட்டாகளாம், அவுங்க பேரச் சொல்லல, எந்த ஆளுகன்னு இங்க எல்லாருக்கும் தெரியும். ஆனா இதையும் சொல்லணும், அந்தத் தீவு மோசமாயிருச்சுன்னா மொதல்ல வயிறு காயப்போறது எங்களுக்குத்தான்னு அம்மாவுக்கு எந்த ஆபீசரும் பாடம் எடுக்க வேண்டியதில்ல. தடைக்காலத்துல பாசிக்கும் லீவு விடணும், மாசத்துல இத்தனை நாள்தான் போகணும், வேரோட பிடுங்கக்கூடாதுன்னு பொம்பளைகளே கூடி முடிவெடுத்தாக. சின்னப்பாலம் லட்சுமி அக்காவுக்கு 2015ல அமெரிக்காவுல சீகாலஜி விருது குடுத்தாகல்ல, அது இந்த மாதிரி பெண்களைத் திரட்டி உரிமையும் கேட்டு, கடலையும் பாத்துக்கிட்டதுக்குத்தான்.

இதுல ஒரு தடவ எங்க ஊருப் பொண்ணு ஒருத்தி அந்த நாள்கணக்க மீறித் திருட்டுத்தனமா போயிட்டா. வீட்டுக்காரரு குடி, பிள்ளைக்கு காய்ச்சல், காசில்ல. கூட்டத்துல சில பேரு அவள தள்ளி வைக்கணும்னாக. எங்க அம்மா எந்திரிச்சு, அபராதம் போடுங்க, ஆனா அத அடுத்த சீசன்ல கட்டட்டும், இன்னைக்கு பிள்ளைய ஆஸ்பத்திரிக்கு கூட்டிட்டுப் போக நம்ம போடுவோம்னாக. அபராதமும் போட்டாக, ஆஸ்பத்திரி செலவும் பாத்தாக. அவ அபராதத்தக் கட்டினா, எனக்கு நல்லாத் தெரியும், நாந்தான் நோட்டுல எழுதினேன்.

சம்மாட்டி:

எல்லாரும் விசைப்படகுக்காரன வில்லனா வச்சு பேசுறீங்க, எங்க பக்கமும் கொஞ்சம் கேளுங்க. தம்பி, உங்க வலைய அறுத்தது தப்பு, அதுல ரெண்டாவது பேச்சே கெடையாது, முழுக் காசும் குடுத்திருக்கணும். ஆனா ஏன் கரையோரமா வர்றான்னு யோசிச்சீங்களா? அந்தப் பக்கம் கொஞ்ச தூரம் போனா எல்லை, தாண்டினா புடிச்சிட்டு போயிருவான், 2017லயே இலங்கையில இழுவை மடிக்கு முழுசா தடைச் சட்டம் போட்டாச்சு, போட்டு போனா போனதுதான். இந்தப் பக்கம் 3 மைல். நடுவுல கெடக்குற கடல்ல எத்தன போட்டு இழுக்கும்?

ஆழ்கடலுக்குப் போங்கடான்னு 2017ல திட்டம் கொண்டாந்தாக. ஒரு போட்டு 80 லட்சம், அதுல 56 லட்சம் மானியம், 16 லட்சம் பேங்க் லோன், 8 லட்சம் கைக்காசு. கேக்க நல்லாத்தான் இருக்கு. பழைய இழுவைப் படகக் குடுத்துரணும். சூரை மீனுக்கு வாரக்கணக்குல போற தொழில் எங்களுக்குப் பழக்கம் கெடையாது, விடிய போயி மறுநாள் திரும்புற ஆளுக நாங்க. போன ஆளுக சில பேரு லோன் கட்ட முடியாம நிக்கிறாக. நான் போகல. சட்டத்த மீறுறது சரின்னு சொல்ல வரல, மீறாமப் பொழைக்க வழியும் அதே கவர்மெண்ட்டு காட்டணும்ல.

வடகடல் பையன்:

அண்ணே நீங்க சொல்றது நியாயம்தான், ஆனா எல்லைப் பிரச்சனைக்கு எங்கப்பா நண்டு வலை என்னண்ணே பண்ணுச்சு? உங்க கஷ்டத்த உங்களுக்குக் கீழ இருக்கிறவன் தலையில இறக்கி வைக்கிறீங்க, அவ்வளவுதான். கோவிச்சுக்காதீங்க.

சம்மாட்டி:

கோவமெல்லாம் இல்ல. சரி அதுக்கு பதில் இல்ல எங்கிட்ட.

கீழக்கரை ஆட்டோ:

நம்ம கதை வேற மாதிரி. ஒரு நாள் மஃரிபுக்கு அப்புறம் தெரிஞ்ச பையன் ஒருத்தன் ஃபோன் பண்ணி, காக்கா ஒரு பெட்டி இருக்கு, கொஞ்சம் எறக்கி விடுங்கன்னான். வாடகையக் கேட்டா வழக்கமா வாங்குறதுல மூணு மடங்கு தர்றேங்குறான். அங்கயே சந்தேகம் தட்டிருச்சு. பெட்டிய ஏத்தும்போது மேல ஐஸ், சீலா மீன் ரெண்டு, அதுக்குக் கீழ பாத்தா கடல் அட்டை. அவிச்சு காயப்போட்டது, கருகருன்னு ரப்பர் மாதிரி இருக்கும். 2001லேர்ந்து நம்ம நாட்டுல அத தொடக்கூடாது, வனவிலங்குச் சட்டத்துல புலிக்குப் போடுற மாதிரி கேசு. அக்கரையில, இலங்கையில, லைசென்ஸ் வச்சு அதே அட்டையப் பிடிக்கிறான், எக்ஸ்போர்ட் பண்றான். இத எங்க ஆளுகளுக்கு யாராலயும் புரிய வைக்க முடியல, என்னாலயும் முடியாது.

எறக்குடா பெட்டியன்னேன். அழுதுட்டான். போலீசுக்குச் சொல்லுங்கன்னு இங்க சில பேரு எழுதுவீங்க, தெரியும். அவன் வாப்பா எங்கூட சங்குக்கு முங்குனவரு, மூச்சுப் புடிச்சு முங்கி முங்கியே காது போயி ஒக்காந்துட்டாரு. நான் போலீசுக்குச் சொல்லல. ஆனா சும்மாவும் விடல, அவன் வாப்பாகிட்ட நேராப் போயி சொன்னேன், ஜமாஅத்துல பெரியவுக ரெண்டு பேர்கிட்டயும் சொன்னேன். பையன இப்ப மெட்ராஸ்ல ஒரு கடையில சேர்த்து விட்டுருக்காக. சரியா தப்பான்னு நீங்க பேசிக்கங்க. எனக்கு ஆத்திரம் எங்கன்னா, பேப்பர்ல மாசத்துக்கு ஒரு தடவ "கடல் அட்டை பறிமுதல், ஒருவர் கைது"ன்னு வரும், அந்த ஒருவர் எப்பப் பாத்தாலும் வண்டி ஓட்டுனவன், இல்லன்னா பெட்டி தூக்குனவன். காசு போட்டவன் போட்டோவ ஒரு நாளாவது பாத்திருக்கீங்களா?

துபாய் ராம்நாட்டான்:

காக்கா நீங்க சொல்லாம விட்டதாலதான் காசு போட்டவன் தப்பிக்கிறான். பையனப் புடிச்சா அவன் யாரு பேரையாவது சொல்லுவான்ல.

கீழக்கரை ஆட்டோ:

சொல்லுவானா? சொன்னா அப்புறம் அந்தத் தெருவுல குடியிருப்பானா? ஊருக்கு வா பேசுவோம்.

ஈசிஆர் லோடு வண்டி:

சின்ன விசயம், ஆனா சம்பந்தம் இருக்கு. உப்பூர் தாண்டி ராத்திரியில ஒரு பைக் விழுந்து கெடந்துச்சு, ரெண்டு பேரு. எனக்கு முன்னாடி போன காரெல்லாம் ஒதுங்கிப் போகுது. நான் 108க்கு அடிச்சுட்டு கூடவே நின்னேன். பயம் என்னன்னா நம்ம லோடு வண்டி, நம்ம மேலயே கேசப் போட்ருவாகன்னு. ஆம்புலன்ஸ்ல வந்த தம்பிதான் சொன்னான், 2019ல மோட்டார் வாகனச் சட்டத்துல சேத்துட்டாங்கண்ணே, ஒதவுனவன் மேல கேசு போட முடியாது, பேரு சொல்லணும்னு கட்டாயமும் இல்லன்னு. அதோட விபத்துல அடிபட்டவுகளுக்கு மொத 48 மணி நேரம் வைத்தியம் இலவசம், அந்த 'இன்னுயிர் காப்போம்' திட்டத்துல, பட்டியல்ல இருக்கிற தனியார் ஆஸ்பத்திரியிலயும் உண்டு. இத டோல்கேட்டுல பெரிய போர்டா எழுதி வைக்கலாம். நான் பேரக் குடுத்துட்டேன், சாட்சிக்கு ஒரு தடவ கூப்பிட்டாக, போனேன், ஒரு நாள் வாடகை போச்சு. போகட்டும்.

தொண்டி பக்கம்:

லேட்டா வர்றேன். எங்க ஊருல இறால் பண்ணை. பண்ணைத் தண்ணிய ஓடையில தெறந்து விட்டு விட்டு ஊருணிக்குப் பக்கத்துக் கெணறு உப்புக் கரிக்க ஆரம்பிச்சிருச்சு, டீ போட்டா பால் திரியுது. 1996லயே சுப்ரீம் கோர்ட்டு இறால் பண்ணை வழக்குல தீர்ப்பு சொல்லியாச்சு, 2005ல தனிச் சட்டமும் வந்து, பதிவு இல்லாம பண்ணை நடத்தக் கூடாது. ஆனா எங்க ஊருப் பொம்பளைக பாதிப் பேருக்கு அந்தப் பண்ணையிலதான் கூலி. பண்ணைய மூடுன்னு கத்துனா மொதல்ல நம்ம வீட்டுலயே அடுப்பு எரியாது. இதுக்குத்தான் வடகடல் தம்பி கதையப் படிச்சதும் எழுதணும்னு தோணுச்சு.

நாங்க செஞ்சது இதான். தகவல் உரிமைச் சட்டத்துல 10 ரூபா கோர்ட் ஸ்டாம்ப் ஒட்டி, எந்தெந்தக் குட்டைக்குப் பதிவு இருக்கு, யார் பேருல இருக்குன்னு கேட்டோம். 30 நாள்ல பதில் தரணும், இழுத்தாக, மேல்முறையீடு போட்டதும் வந்துச்சு. பாத்தா முன்பக்கம் இருக்கிற குட்டைகளுக்குப் பதிவு இருக்கு, ஓடைய ஒட்டி இருக்கிறதுக்கு இல்ல. மே 1 கிராம சபையில அத வச்சு தீர்மானம் போட்டோம். பண்ணைய மூடுன்னு எழுதல. பதிவு இல்லாத குட்டைய மட்டும் நிறுத்தணும், நடவடிக்கை முதலாளி பேருல இருக்கணும், அதுல வேலை பாத்த ஆளுகளுக்கு நூறு நாள் வேலையில முன்னுரிமை குடுக்கணும், குடிதண்ணிக்கு லாரி செலவ பண்ணைக்காரரே ஏத்துக்கணும்னு எழுதச் சொன்னோம். மினிட்ஸ் நோட்டுல "குடிநீர் குறித்து விவாதிக்கப்பட்டது"ன்னு ஒத்த வரியில முடிக்கப் பாத்தாக. பொம்பளைக எந்திரிக்கவே இல்ல, முழுசா எழுதி வாசிச்சுக் காட்டுங்க, அப்புறம் கையெழுத்து போடுறோம்னு ஒக்காந்துட்டாக. மத்தியானச் சாப்பாட்டு நேரம் தாண்டி எழுதுனாக.

ஓடைப் பக்கக் குட்டை இப்ப காஞ்சு கெடக்கு. லாரித் தண்ணி ஒழுங்கா வரல, அதுக்கு அடுத்த மனு போயிருக்கு. வேலை போன ஆளுகள்ல கொஞ்சப் பேரு எங்ககூட இன்னும் பேசுறதில்ல.

வடகடல் பையன்:

அக்கா அந்தத் தீர்மான நகல் கெடைக்குமா? "நடவடிக்கை முதலாளி பேருல"ங்குற வரி எப்படி எழுதிருக்கீங்கன்னு பாக்கணும். எங்க மனுவுல படகு நம்பர மட்டும்தான் போட்டிருந்தோம். வர்ற திங்கக்கிழமை குறைதீர் நாளுக்கு அந்தப் பசங்களையே கூட்டிட்டுப் போகலாம்னு இருக்கேன், அவங்களும் வர்றேன்னுட்டாங்க.

தொண்டி பக்கம்:

அண்ணன்னு கூப்பிடுப்பா, அக்கா இல்ல நானு 😄 நகல போட்டோ எடுத்து தனியா அனுப்புறேன். ரெண்டாவது பக்கத்துல சீல் எழுத்து மேல விழுந்திருக்கு, படிக்க முடியலன்னா கேளு, டைப் பண்ணித் தர்றேன். பசங்க பேர மனுவுல மேல போடு, உன் பேரக் கீழ போட்டுக்க.