கண்ணைக் கட்டிக்கிட்டு நாலு பேரோட செஸ்: மேசை கலந்துடுது, என்ன வழி?

சிப்புட்_சிப்பாய்:
மலேசியாவுல சுங்கை சிப்புட் பக்கம், தோட்ட மண்டபத்துல பொங்கலுக்கு ஒரே நேரத்துல நாலு பேரோட கண்ணைக் கட்டி ஆடணும். ஒரு மேசைன்னா கடைசிவரை ஓடுது. ரெண்டாச்சுன்னா பத்தாவது நகர்த்தலுக்குள்ள கலந்துடுது. என்னண்ணே செய்யலாம்?

கறுப்புக்கட்டம்:
ஞாபகத்துல குறை இல்ல தம்பி. மேசையெல்லாம் ஒரே முகமா இருந்தா யாருக்கும் கலக்கும். நாலுலயும் வெள்ளையைக் கேட்டு வாங்குங்க. முதல் நகர்த்தலே மேசைக்கு மேசை வேற இருக்கட்டும் (கட்டத்துக்குப் பேர்: நெடுவரிசை ஏ முதல் எச், படுக்கைவரிசை 1 முதல் 8): முதல் மேசை ஈ4, ரெண்டாவது டி4, மூணாவது சி4, நாலாவது எஃப்4. நாலாவதுல எஃப்4க்கு பதிலா குதிரை எஃப்3ன்னு ஆரம்பிக்க வேணாம், சுத்தி வந்து டி4 ஆட்டத்துலயே நிக்கும். சி4லயும் அந்த ஆபத்து உண்டு. அங்க டி சிப்பாயை டி3யோட நிறுத்தி, பிஷப்பை ஜி2ல உக்கார வைங்க.

முறை வந்ததும் முழுப் பலகையையும் பார்க்கப் போகாதீங்க. "மூணு: ஜி2 பிஷப், ராணி வெட்டியாச்சு, அவர் சிப்பாய் டி5ல" என்று தலைப்பு மாதிரி சொல்லிக்கிட்டு உள்ள நுழைங்க. ஒரே நேரத்துல பல பேர் கேள்வியை மனசுல வச்சு பதில் சொன்ன நம்ம அவதானிகள் செஞ்சதும் கிட்டத்தட்ட இதுதானே! செஸ் வீரர் நஜ்டோர்ஃப் 1947ல பிரேசில் சாவ் பாவ்லோவுல பலகையைப் பார்க்காம 45 மேசை ஆடி 39 ஜெயிச்சார், 4 சமன், 2 தோல்வி. நாலுக்கு பயப்படாதீங்க.

லயத்து_யானை:
எதிராளி நகர்த்தலை அறிவிக்கிறவர் சொல்லித்தானே கேக்கணும், பாதி ஆட்டம் காதாலதான் போகும். பி, சி, டி, ஈ, ஜி மைக்குல எல்லாம் ஒரே சத்தம், அதுவும் பக்கத்துல கோவில் ஒலிபெருக்கி இருந்துட்டா கேக்கவே வேணாம். ஏ முதல் எச் வரைக்கும் வரிசையா ஊர்ப் பேர் வைங்க: அம்பாங், பினாங்கு, கேமரன், டெங்கில், எண்டாவ், ஃபிரேசர், கெமாஸ், ஹூலு. "மூணாம் மேசை, குதிரை, பினாங்கு ஒண்ணுலேர்ந்து கேமரன் மூணு." கிளம்புற கட்டம் கட்டாயம், பி1, எஃப்3 ரெண்டு குதிரையும் டி2க்கு வர முடியும்ல? நீங்க திருப்பிச் சொன்ன பிறகுதான் அடுத்த மேசை.

எதிராளி தன் முறை வரும்போதுதான் நகர்த்தணும், காயைத் தள்ளித் தள்ளிப் பார்க்கக் கூடாது. தப்பான நகர்த்தலை அறிவிக்கிறவர் அங்கேயே பிடிக்கணும், உங்க காதுக்கு வந்துட்டா மனசுல இருக்கிற பலகை கெட்டுடும்.

சிப்புட்_சிப்பாய்:
நன்றிண்ணே. எவ்வளவு நேரம் ஆகும்? பயிற்சி எப்படி?

கறுப்புக்கட்டம்:
மேசைக்கு 35 நகர்த்தல்னா 140. ஒண்ணுக்கு 45 வினாடி வச்சா ஒண்ணே முக்கால் மணி.

பயிற்சிக்கு முதல்ல கட்ட நிறம். ஏ-யை 1, பி-யை 2ன்னு வச்சு எண்ணோட கூட்டுங்க, இரட்டைன்னா கறுப்பு. சி6: 3+6=9, வெள்ளை. அடுத்து ஏ1 குதிரையை எச்8க்கு ஆறே தாவல்ல கொண்டு போங்க, பலகையைப் பார்க்காம. ஆட்டத்துல மறந்து போறது மூலையில நகராத யானையும் தூரத்துலேர்ந்து வர்ற பிஷப்பும்தான். ஒவ்வொரு பதிலுக்கும் முன்னாடி மூலைக்கு மூலை போற நீளக் குறுக்குக்கோடு ரெண்டையும் ஒரு தரம் தடவிப் பாருங்க.