பசும்பாலில் கொழுப்பு 2.9 சதவீதத்துக்கு இறங்கிவிட்டது, தீவனத்தில் எதை மாற்றுவது?

இரண்டாம் ஈற்று எச்.எஃப். (ஹோல்ஸ்டீன் பிரீசியன்) கலப்பினப் பசு, எடை சுமார் 400 கிலோ, கன்று ஈன்று 45 நாள். பால் தினம் 14 லிட்டரில் நிற்கிறது. ஆனால் மூன்றே வாரத்தில் கொழுப்பு 3.9-லிருந்து 2.9-க்கு வந்துவிட்டது. சாணம் தளர்வாக, செரிக்காத மக்காச்சோளத் துண்டுகளோடு விழுகிறது. அசைபோடுவதும் குறைவு; பக்கத்தில் உட்கார்ந்து எண்ணினேன், ஒரு கவளத்துக்கு 40 தடவைகூட மெல்லவில்லை.

இப்போது தினம் கொடுப்பது நேப்பியர் புல் 20 கிலோ, வைக்கோல் 2 கிலோ, அடர்தீவனம் 8 கிலோ. அடர்தீவனத்தில் பாதி மக்காச்சோளம், மீதி கடலைப் புண்ணாக்கும் தவிடும்.

அடர்தீவனத்தை மூன்று வேளையாகப் பிரித்தேன். அப்புறம் 10 நாள் சமையல் சோடா, தினம் 100 கிராம். குடற்புழு மருந்தும் ஆயிற்று. நார்ச்சத்துக் குறைவு என்றே தோன்றுகிறது, ஆனால் மக்காச்சோளத்தைக் குறைத்தால் பசு இளைத்துவிடுமோ என்று பயம்.

பால் குறையாமல் கொழுப்பு ஏற, மக்காச்சோளத்தில் எத்தனை கிலோ குறைத்து எதைச் சேர்க்கலாம்?